தேங்காய்த் தொட்டியிலிருந்து கிராஃபீன்: மெஷின் போடலாமா?

வெள்ளகோவில் களத்துக்காரர்
2 பிப்ரவரி 2024, காலை 7.15

எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. பருப்பு எடுத்த தொட்டி, அதாவது கொட்டாங்குச்சி, தினமும் மலை மாதிரி சேரும், கரிக்காரருக்குப் போட்டுவிடுவோம். போன வாரம் ஒரு ஏஜெண்ட் வந்தார். தொட்டியிலிருந்து கிராஃபீன் எடுக்கும் மெஷின் இருக்கிறதாம். ஆசிட் இல்லை, புகை இல்லை, முழுக்கப் பச்சைத் தொழில்நுட்பம் என்கிறார். கார் பேட்டரி கம்பெனிகள் கிலோ லட்சக்கணக்கில் எடுத்துக்கொள்ளுமாம், அதைப் போட்டால் பேட்டரி ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஆகுமாம். ஒரு டப்பா சாம்பிளும் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பாக, மாவு மாதிரி இருக்கிறது. உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிக்கை
2 பிப்ரவரி, இரவு 9.40

ஆகாது. தொட்டிக்கரியை எத்தனை சூட்டில் வைத்தாலும் கிராஃபீன் ஆகாது. முன்பணம் கொடுத்துவிடாதீர்கள் அண்ணா.

காரணம் இதுதான். கரியில் இரண்டு வகை உண்டு. பெட்ரோலியக் கோக் (எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) மாதிரியானதை 3,000 டிகிரிக்குக் கொண்டுபோனால் உள்ளே இருக்கும் கார்பன் அடுக்குகள் சீட்டுக்கட்டு போல நேராகி கிராஃபைட் ஆகிவிடும். மரம், தொட்டி, சர்க்கரை இவற்றின் கரி அப்படி நேராகாது. கசக்கிப் போட்ட காகிதம் போல முறுக்கிக்கொண்டே நிற்கும். இந்த வித்தியாசத்தை 1951-ல் பிரித்து எழுதியவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டிஎன்ஏ எக்ஸ்ரே படத்தால் நமக்குத் தெரிந்த அதே அம்மாதான், அதற்கு முன்னால் பாரிசில் கரியோடுதான் மாரடித்துக்கொண்டிருந்தார். கிராஃபீன் என்பது அந்த அடுக்குகளில் ஒன்றே ஒன்று. அடுக்கே ஒழுங்காக இல்லாத பொருளிலிருந்து ஒற்றை அடுக்கை எங்கே போய் உரிப்பது?

நான் யார் என்று கேட்பீர்கள். நாலு வருடம் கிராஃபீன் ஆக்சைடில் ஆராய்ச்சி செய்து, பட்டம் வாங்காமல் வெளியே வந்தவள். இப்போது ஒரு ஆக்டிவேட்டட் கார்பன் (தண்ணீர் ஃபில்டரில் போடும் துளைக்கரி) ஆலையின் லேபில் வேலை. என் பெரியப்பா குழியில் தொட்டிக்கரி சுட்டவர்.

கரிக்கை
3 பிப்ரவரி, காலை 6.50

கிராஃபீன் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டின் ஒரே ஒரு அடுக்கு. ஒரு அணு கனம்தான். 2004-ல் மான்செஸ்டரில் கைமும் நோவோசெலோவும் செலோடேப்பை கிராஃபைட்டில் ஒட்டி ஒட்டி உரித்து எடுத்தார்கள், 2010-ல் நோபல் வாங்கினார்கள்.

மின்சாரத்தைச் சேமிக்கிறவர்களுக்கு அதன் மேல் ஏன் இத்தனை ஆசை என்றால், பரப்பு. ஒரு கிராம் கிராஃபீனை முழுக்க விரித்தால் 2,630 சதுர மீட்டர். முக்கால் ஏக்கரில் ஒரு பாதி பிடிக்கும்... இல்லை, கணக்கு தப்பு. ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக ஏறக்குறைய 65 சென்ட். ஒரு சிட்டிகைப் பொடி 65 சென்ட் நிலம். சூப்பர் கெபாசிட்டர் என்று பேட்டரி மாதிரி மின்சாரம் சேமிக்கும் சாதனம் ஒன்று உண்டு. அதில் மின்னூட்டம் பரப்பின் மேல்தான் ஒட்டிக்கொண்டு உட்காரும், நிலம் அதிகமானால் குடியிருப்பும் அதிகம்.

ஆனால் விரித்த பாய் விரித்தபடி கிடக்காது. கிராஃபீன் தாள்கள் காயும்போது ஒன்றன்மேல் ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் மறுபடியும் கிராஃபைட்தான். என் நாலு வருடத்தில் பாதி, ஒட்டிக்கொண்டதைப் பிரிக்கப் போனது.

கரிக்கை
3 பிப்ரவரி, இரவு 11.05

"ஆசிட் இல்லாத கிராஃபீன் என்றால் என்ன விசேஷம்? எல்லாமே ஆசிட்டில்தான் செய்கிறார்களா?" என்று கேட்டவருக்கு. எல்லாமே இல்லை. ஆனால் கிலோக்கணக்கில் வேண்டும் என்றால் பெரும்பாலோர் போகும் வழி ஹம்மர்ஸ் வழி. கிராஃபைட்டை அமிலத்தில் போட்டு ஆக்சிஜன் ஏற்றி, அடுக்கு பிரியும் கிராஃபீன் ஆக்சைடு ஆக்கி, கடைசியில் அந்த ஆக்சிஜனை நீக்குவது. 1958-ல் வந்த சமையல் குறிப்பு. 100 கிராம் கிராஃபைட்டுக்கு 2.3 லிட்டர் அடர் சல்ஃபியூரிக் அமிலம், 50 கிராம் சோடியம் நைட்ரேட், 300 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். அமிலத்தை எடை போட்டால் நாலு கிலோவுக்கு மேல். 100 கிராம் சரக்குக்கு!

முதல் தடவை செய்த நாள் அப்படியே நினைவிருக்கிறது. பீக்கரை ஐஸ் தட்டில் வைத்து, பெர்மாங்கனேட்டைக் கரண்டி நுனியில் எடுத்து எடுத்துப் போட வேண்டும். கலவை கரும்பச்சையாக மாறும். அந்தப் பச்சையைக் கண்டால் கை தானாகவே மெதுவாகிவிடும், ஏனென்றால் சூடு 55 டிகிரியைத் தாண்டினால் அது வெடிக்கும் சரக்கு. எங்கள் லேபில் தெர்மாமீட்டர் உடைந்து கிடந்தது, பீக்கரின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ஓட்டினோம். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் மணிக்கணக்கில் கலக்கினால் கேப்பைக் களி மாதிரி கெட்டியாகும். கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு சொட்டு விட்டதும் நுரைத்துக்கொண்டு பளீரென்று மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்க்க ஜூனியர்கள் எல்லாம் வந்து நிற்பார்கள்.

யாரும் வந்து நிற்காத வேலை அதற்கு அப்புறம் தொடங்கும். கழுவுவது. அமிலம் போகப் போக கிராஃபீன் ஆக்சைடு தண்ணீரை உறிஞ்சி ஜெல்லி ஆகிவிடும், வடிதாளில் போட்டால் அடைத்துக்கொள்ளும். சென்ட்ரிஃப்யூஜ் குழாயில் போட்டுச் சுற்றி, மேல் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மறுபடி சுற்றி... ஒரு கிராமுக்கு மூன்று நாள். வாலை வடித்த தண்ணீர் கேன் கேனாகப் போகும். கொட்டிய தண்ணீர் முழுக்க அமிலமும் மாங்கனீசும். சிங்கில்தான் கொட்டினோம். எந்த லேப் என்று சொல்லமாட்டேன். என் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் "பசுமை முறையில்" என்ற சொல் இருந்தது. எதற்கு என்றால், ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கும் கடைசிப் படியில் விஷமான ஹைட்ரஸீனுக்குப் பதிலாக வைட்டமின் சி போட்டோம். அந்த ஒரு கரண்டி வைட்டமினுக்குத்தான் அந்தச் சொல்.

கரிக்கை
4 பிப்ரவரி, காலை 7.30

நேற்றைய குறிப்பில் ஒன்று விட்டுப்போனது. 2010-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழு ஹம்மர்ஸ் குறிப்பிலிருந்து சோடியம் நைட்ரேட்டை எடுத்துவிட்டு பாஸ்போரிக் அமிலம் சேர்த்தது. நைட்ரஜன் ஆக்சைடு புகை நின்றது. கழுவுகிற பாடு நிற்கவில்லை.

கரிக்கை
4 பிப்ரவரி, மாலை 4.20

சரி, என் முதல் குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். "எத்தனை சூட்டில் வைத்தாலும்" என்று எழுதியது தப்பு. இழையில் ஒருவர் அதே டூரின் பெயரைச் சொல்லி மடக்கிவிட்டார், நியாயம்தான்.

2020 ஜனவரியில் டூர் குழு ஒரு முறையை வெளியிட்டது. கார்பன் பொடியைக் குழாயில் அடைத்து, இரண்டு முனையிலும் மின்முனை வைத்து, கெபாசிட்டர் வரிசையில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே அடியாகப் பாய்ச்சுவது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் 3,000 கெல்வின். கண்ணைப் பறிக்கும் ஒரு மின்னல், உள்ளே இருந்தது கிராஃபீன். நிலக்கரி, கோக், டயர், பிளாஸ்டிக், காபிச் சக்கை என்று கையில் கிடைத்ததை எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தேங்காயும் உண்டு. அடுக்குகள் நேர்த்தியாகப் பொருந்தாமல் ஒன்றுக்கொன்று திருகிக்கொண்டு இருக்கும், அதனாலேயே பிரிப்பதும் சுலபம்.

ஃபிராங்க்ளின் சொன்னது பொய்யா என்றால் இல்லை. அவர் சொன்னது உலையில் வைத்து நிதானமாகச் சூடேற்றும் கதை. இது வேறு. இதற்கு ஆகும் மின்சாரம் கிராமுக்கு 7.2 கிலோஜூல் என்று அவர்கள் சொன்னார்கள். நம் கணக்கில் கிலோவுக்கு 2 யூனிட். ஒரு கிலோ கிராஃபீனுக்கு 2 யூனிட் கரண்ட் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கே அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹம்மர்ஸில் நான் தொலைத்த நாலு வருடம் கண் முன்னால் வந்துவிட்டது.

ஆனால் அண்ணா, அந்த 2 யூனிட் மின்னலுக்கு மட்டும். தொட்டியைக் கரியாக்குவது, அரைப்பது எல்லாம் தனி. பச்சைத் தொட்டியில் கரண்டே பாயாது, முதலில் கரியாக்க வேண்டும், இல்லையென்றால் கரண்ட் கடத்தும் கரிப்பொடி கலக்க வேண்டும். உங்கள் ஏஜெண்டின் மெஷின் இந்த வகையா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெரிய கெபாசிட்டர் வரிசை இருக்கிறதா?

கரிக்கை
4 பிப்ரவரி, இரவு 10.15

"சீனாவில் 2013-லேயே தேங்காய்த் தொட்டியிலிருந்து கிராஃபீன் செய்துவிட்டார்கள், பேப்பர் இருக்கிறது" என்று ஒரு தம்பி லிங்க் போட்டிருக்கிறார். அந்தப் பேப்பர் எனக்கு நன்றாகத் தெரியும் தம்பி. தலைப்பை இன்னொரு தடவை வாசியுங்கள், "கிராஃபீன் போன்ற" என்றிருக்கும். இந்தத் துறையில் "போன்ற" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு கப்பலை நிறுத்தலாம். இரும்பு குளோரைடும் துத்தநாகக் குளோரைடும் போட்டுச் சுட்டார்கள். இரும்பு அடுக்கை ஒழுங்குபடுத்தும், துத்தநாகம் ஓட்டை போடும். நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் சுட்ட பிறகு அந்த உலோகத்தை எல்லாம் அமிலத்தில் கழுவி எடுக்க வேண்டும். மறுபடியும் கழுவல்.

இன்னொரு கூட்டம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சுடும். கரி ஒரு பங்குக்கு காரம் நாலு பங்கு, 800 டிகிரி. பரப்பு கிராமுக்கு 3,000 சதுர மீட்டர் வரை ஏறும், கிராஃபீனின் 2,630-ஐயே தாண்டிவிடும். ஒற்றை அடுக்கைவிட அதிகப் பரப்பு எப்படி என்று நான் வைவாவில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். (அடுக்குகளின் ஓரங்களும் கணக்கில் சேரும், குட்டிக் குட்டித் துளைகளில் வாயு நிரம்பி அளவும் கொஞ்சம் ஏமாற்றும். இதை எனக்கு யாரும் அன்று சொல்லவில்லை.)

கரிக்கை
5 பிப்ரவரி, பகல் 1.10

ஐந்து நிமிட சார்ஜுக்கு வருகிறேன். கிராஃபீன் போட்டால் வேகமாக ஏறும் என்ற பேச்சு சூப்பர் கெபாசிட்டரை வைத்து வருவது, அதனால் அதன் கணக்கைப் பார்ப்போம். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக.

சூப்பர் கெபாசிட்டரில் தங்கும் ஆற்றல் = பாதி × கெபாசிட்டன்ஸ் (மின்னூட்டம் பிடிக்கும் திறன், ஃபாரட்டில் அளப்பது) × வோல்ட்டின் வர்க்கம். கட்டுரைகளில் நல்ல கார்பனுக்கு கிராமுக்கு 200 ஃபாரட் என்று போடுவார்கள். தண்ணீர்க் கரைசலில் 1 வோல்ட் தாங்கும். ஆக கிராமுக்கு 100 ஜூல், கிலோவுக்கு 28 வாட் மணி. லித்தியம் பேட்டரி கிலோவுக்கு 200 வாட் மணி பக்கம். ஆக ஏழில் ஒரு பங்கு.

கரிக்கை
5 பிப்ரவரி, இரவு 8.30

மதியம் போட்ட கணக்கு தப்பு. டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இப்படித்தான்.

200 ஃபாரட் என்பது ஒரு மின்முனைக்கு. கெபாசிட்டருக்கு இரண்டு முனை வேண்டும். இரண்டும் தொடரில் நிற்பதால் கெபாசிட்டன்ஸ் பாதியாகும், எடை இரட்டிப்பாகும். ஆக நாலில் ஒன்று, 50 ஃபாரட்தான். கிலோவுக்கு 7 வாட் மணி. அதிலும் இது வெறும் கார்பனின் எடைக்கு. அலுமினியத் தகடு, கரைசல், டப்பா எல்லாம் சேர்த்தால் கார்பன் மூன்றில் ஒரு பங்கு வருவதே அதிகம். 2 வாட் மணிக்கு வந்து நிற்கிறது.

இதனால்தான் கடையில் விற்பவை தண்ணீரை விட்டுவிட்டு 2.7 வோல்ட் தாங்கும் கரிமக் கரைசலுக்குப் போயின. 3,000 ஃபாரட், 2.7 வோல்ட் கெபாசிட்டர் அரைக் கிலோ எடை இருக்கும், காபி டம்ளரைவிடப் பெரிசு. அதில் தங்குவது 3 வாட் மணி. உங்கள் பையில் இருக்கும் 5,000 மில்லியாம்பியர் போனில் 19 வாட் மணி இருக்கிறது. ஆனால் அந்த 3-ஐ சில வினாடிகளில் ஏற்றி இறக்கலாம், லட்சக்கணக்கான தடவை. காற்றாலை இறக்கையைத் திருப்ப, பஸ் பிரேக் போடும்போது விரயமாகும் சக்தியைப் பிடிக்க இதைவிட நல்லது இல்லை. ஷாங்காயில் 2006-லேயே நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடும் கெபாசிட்டர் பஸ் விட்டார்கள்.

கிராஃபீனுக்குக் காகிதக் கணக்கில் வரும் உச்சம் கிராமுக்கு 550 ஃபாரட். அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை. என் மிக நல்ல நாள் 180. அதுவும் மின்முனையில் ஒரு மில்லிகிராம்கூட இல்லாத மெல்லிய பூச்சில் எடுத்தது. ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டையில் பிரியாணி போட்டுவிட்டு ஆயிரம் பேருக்குக் கணக்கு எழுதுவது மாதிரி. 2011-ல் இந்தத் துறையின் பெரிய ஆய்வாளர்கள் கோகோட்சியும் சைமனும் இதைத்தான் எழுதினார்கள்: மெல்லிய பூச்சில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு கிலோவுக்கு இத்தனை என்று பெருக்காதீர்கள் என்று. படித்த பிறகும் நான் பெருக்கினேன்.

கரிக்கை
5 பிப்ரவரி, இரவு 9.05

லித்தியம் பேட்டரியில் கிராஃபீன் போடவே மாட்டார்களா என்று கேட்கிறார்கள். போடுகிறார்கள், பெருங்காயம் மாதிரி. பொடிகளுக்கு நடுவே கரண்ட் ஓட ஒரு சிட்டிகை. முழு எதிர்முனையும் கிராஃபீன் என்றால் முதல் சார்ஜிலேயே லித்தியத்தில் பெரும்பங்கு அந்த 65 சென்ட் நிலத்துக்குப் பூச்சு பூசவே செலவாகிவிடும். சாதாரண கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லியாம்பியர் மணி தருகிறது, விலையும் மலிவு. வீட்டுக்குப் பழைய மருமகளே போதும் என்று கம்பெனிகள் இருக்கின்றன.

கரிக்கை
7 பிப்ரவரி, காலை 6.20

பேச்சு கிராஃபைட் பக்கம் போய்விட்டது. சிவகங்கையில் கிராஃபைட் சுரங்கம் இருப்பது இங்கே பாதிப்பேருக்குத் தெரியாது என்று பார்க்கிறேன். தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுக்கிறது. செதில் கிராஃபைட், கல்லோடு கலந்து கிடக்கும், அரைத்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்க வேண்டும். அதே மாவட்டத்தில்தான் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்தது. மண்ணுக்குக் கீழே கிராஃபைட், மண்ணுக்கு மேலே பேட்டரி விஞ்ஞானிகள்.

யாழ்ப்பாணத்து நண்பர் கிராஃபைட்டைக் "காரீயம் என்று சொல்லுங்கோ" என்று திருத்தியிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன், நல்ல சொல். இலங்கைக் காரீயம் வேறு ரகம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புக்குள் நரம்பு நரம்பாக ஓடும். தோண்டி எடுக்கும்போதே 95 சதவீதத்துக்கு மேல் கார்பன். வணிக அளவில் நரம்புக் காரீயம் எடுப்பது உலகிலேயே அங்கே மட்டும்தான். நான் ஹம்மர்ஸுக்குப் பயன்படுத்தியதும் அதுவே, கையில் எடுத்தால் மீன் செதில் மாதிரி வழுக்கும்.

தொட்டியா, சிரட்டையா, கொட்டாங்குச்சியா என்று கீழே நாற்பது பதில் ஓடுகிறது. எங்கள் பக்கம் தொட்டிதான். நாகர்கோவில்காரர்கள் சிரட்டை என்று வைத்துக்கொள்ளட்டும், சென்னைக்காரர்களோடு சண்டைக்கு நேரமில்லை.

கரிக்கை
8 பிப்ரவரி, இரவு 10.40

ஒரு நல்ல கதை நினைவுக்கு வந்தது. 2011-ல் ஐஐடி மெட்ராஸில் ராமபிரபு குழுவினர் கிராஃபைட் ஆக்சைடைப் பரப்பி, பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து கிராஃபீன் ஆக்கினார்கள். ஹைட்ரஸீன் இல்லை, உலை இல்லை, சென்னை வெயில் போதும்.

படித்ததும் நானும் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போனேன். கிராஃபீன் ஆக்சைடைக் காயவைத்தால் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி பழுப்புத் தகடாக இருக்கும். ஒரு துண்டைத் தட்டில் வைத்து, பக்கத்து அறைத் தோழியின் தாத்தா லென்ஸைப் பிடித்தேன். இரண்டு வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் "டப்" என்று ஒரு சத்தம், பழுப்பு கறுப்பாகி, பொரி மாதிரி உப்பி, காற்றில் பறந்து துணிக்கொடியில் காய்ந்த வெள்ளைச் சுடிதார்மேல் போய் உட்கார்ந்தது. சுடிதார் வார்டன் அம்மாவுடையது. அந்த வாரம் முழுக்க எனக்கு மாடிச் சாவி கிடையாது.

அந்த அழகான முறைக்கும் முதலில் ஆக்சைடு வேண்டும், ஆக்சைடுக்கு அமிலம் வேண்டும். எங்கே சுற்றினாலும் சிங்க்குக்குத்தான் வந்து நிற்கிறேன். அமிலமே வேண்டாம் என்றால் டப்ளினின் கோல்மன் குழு 2014-ல் காட்டிய வழி இருக்கிறது: கிராஃபைட், தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், சமையலறை மிக்ஸி. வெட்டு விசையில் அடுக்கு உரியும். சுத்தமான வழிதான், ஆனால் உரிந்தது கொஞ்சம், உரியாதது அதிகம், சோப்பையும் எடுக்க வேண்டும். வீட்டு மிக்ஸியில் முயற்சி செய்யாதீர்கள், அப்புறம் அதில் சட்னி அரைக்க முடியாது.

கரிக்கை
9 பிப்ரவரி, காலை 7.00

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலத்தில் வினையூக்கியான பிளாட்டினத்துக்குப் பதிலாக நைட்ரஜன் சேர்த்த கிராஃபீன் என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். 2010 முதல் அந்த ஆசை ஓடுகிறது. நைட்ரஜன், கந்தகம், பாஸ்பரஸ் என்று எதைச் சேர்த்தாலும் ஒரு கட்டுரை வந்தது. பொறுக்க முடியாமல் 2020-ல் வேதியியலாளர் மார்ட்டின் பூமெராவின் குழு பறவை எச்சத்தைச் சேர்த்துப் பார்த்தது. நிஜமாகவே பறவை எச்சம். கிராஃபீனின் வினையூக்கும் திறன் கூடிவிட்டது! அதையும் கட்டுரையாகப் போட்டார்கள், பெரிய இதழில்.

அதே குழு முன்பு 2013-ல் காட்டியது இன்னும் சங்கடமானது. "உலோகமே இல்லாத வினையூக்கி" என்று கொண்டாடப்பட்ட சிலவற்றில் வேலையைச் செய்தது ஹம்மர்ஸ் பெர்மாங்கனேட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த மாங்கனீசு. அதாவது சரியாகக் கழுவாததால் வந்த வெற்றி. மூன்று நாள் கழுவிய எனக்கு ஏன் நல்ல எண் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. :)

கரிக்கை
11 பிப்ரவரி, இரவு 9.50

"தொட்டி இயற்கைப் பொருள், அதில் செய்தால் எப்படிப் பார்த்தாலும் பச்சைதானே" என்ற பதிலுக்கு நூறு பேர் லைக் போட்டிருக்கிறார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா கரி சுட்டது குழியில். தொட்டியைப் போட்டுத் தீ வைத்து, மேலே மேலே தொட்டி நிரப்பி, பற்றியதும் மூடிவிடுவார். மஞ்சள் கலந்த வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கும், துணியில் ஒட்டினால் மூன்று துவையல் தாங்கும். ஒரு டன் தொட்டிக்கு 250 கிலோவிலிருந்து 300 கிலோ கரி, மீதியில் பெரும்பகுதி அந்தப் புகையாகப் போனதுதான். கரி வெந்ததும் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். அந்தத் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் வாய்க்கால் ஓடி, தாழ்வான பக்கம் இறங்கியது. தாழ்வான பக்கம் எங்கள் சொந்தக்காரர் கிணறு. நாலு வருடத்தில் அந்தத் தண்ணீரை மாடு குடிக்க மறுத்தது. ஊர் கூடிப் பேசி, குழியை மூட வைத்தார்கள். பெரியப்பா பாவம், கேட்டால் "நான் என்ன மருந்தா கலந்தேன், தேங்காய்த் தொட்டிதானே" என்பார். லைக் போட்ட நூறு பேரும் அதையேதான் சொல்கிறீர்கள்.

இப்போது மூடிய உலைகள் வந்துவிட்டன. புகையையே எரித்து அந்தச் சூட்டில் நீராவி போடுகிறார்கள். அந்த நீராவியை 900 டிகிரிக்கு மேல் கரிமேல் விட்டால் கரி துளை துளையாகி ஆக்டிவேட்டட் கார்பன் ஆகும். நீராவிதான் மருந்து, வேறு ரசாயனம் இல்லை. பாதிக்குமேல் எரிந்துபோகும், மிச்சம் கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்போடு நிற்கும். ஜப்பானின் குராரே கம்பெனி சூப்பர் கெபாசிட்டருக்கென்றே விற்கும் கார்பன் தேங்காய்த் தொட்டியில் செய்ததுதான். இலங்கையின் ஹேகார்ப் கம்பெனியும் தொட்டிக் கார்பனில்தான் வளர்ந்தது.

அதாவது தொட்டி ஏற்கெனவே மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டிருக்கிறது, கிராஃபீன் என்று பேர் வாங்காமலே. இதைத்தான் பத்து நாளாகச் சொல்ல வருகிறேன், நடுவில் பறவை எச்சம் வந்துவிட்டது.

கரிக்கை
14 பிப்ரவரி, இரவு 8.15

களத்துக்காரர் அண்ணா சாம்பிளை கூரியரில் அனுப்பிவிட்டார். மெஷின் பற்றியும் விசாரித்து எழுதியிருக்கிறார்: "சாய்வாகச் சுழலும் நீள டிரம், ஒரு முனையில் பாய்லர், கெபாசிட்டர் எதுவும் இல்லை." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காரணம் சோதனை முடிந்ததும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் கையில் எடுத்ததுமே சந்தேகம். கனக்கிறது. உப்பிய கிராஃபீன் பொடி நூறு மில்லி அளவுக் குழாயில் ஒரு கிராம் பிடித்தாலே பெரிசு, மூடியைத் திறந்தால் மூச்சுக்காற்றுக்கே பறக்கும். இது 46 கிராம் பிடித்தது.

கரிக்கை
19 பிப்ரவரி, இரவு 9.30

சோதனை முடிந்தது. ராமன் அளவீடு (லேசர் ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து உள்ளமைப்பைப் பார்ப்பது) பழைய லேப் தோழி ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். 1,350 பக்கமும் 1,590 பக்கமும் இரண்டு அகலமான மேடு, 2,700 பக்கம் கிராஃபீனுக்கு எழும்ப வேண்டிய சிகரம் இல்லவே இல்லை. இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, ஆக்சைடு வழியில் செய்த கிராஃபீனும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். அதனால் எங்கள் ஆலை லேபில் தினம் செய்யும் சோதனையையே செய்தேன். சாம்பல் 2.6 சதவீதம், அதில் பொட்டாசியம் அதிகம், அது தேங்காயின் கைரேகை. துளைகள் எவ்வளவு உறிஞ்சும் என்பதை அயோடினை வைத்தும் அளந்தேன். அயோடின் எண் 1,080.

சுழலும் டிரம், பாய்லர், அயோடின் எண் 1,080. இது நீராவி விட்ட தொட்டிக் கார்பன் அண்ணா. நல்ல சரக்கு, தண்ணீர் ஃபில்டருக்குப் போடும் தரம். நான் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் இதைத்தான் பார்க்கிறேன். மெஷினும் மோசடி மெஷின் இல்லை, ஆக்டிவேஷன் உலைதான், கிராஃபீன் விலை ஒட்டியிருக்கிறார்கள்.

உங்கள் ஏஜெண்ட் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2018-ல் சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க 60 கம்பெனிகளின் கிராஃபீனை வாங்கிப் பார்த்தார்கள். பத்து அடுக்குக்குள் இருப்பதை எல்லாம் கிராஃபீன் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பெரும்பாலானவற்றில் அது 10 சதவீதம்கூட இல்லை. ஒன்றில்கூட 50-ஐத் தாண்டவில்லை. மீதி மெல்லிசாக அரைத்த கிராஃபைட்.

கரிக்கை
20 பிப்ரவரி, காலை 6.45

அப்படியானால் உலை போடலாமா என்று கேட்டு ராத்திரியே எழுதியிருக்கிறீர்கள். கார்பன் விலைக்குக் கணக்குப் போட்டுக் கட்டுப்படியானால் போடலாம். ஆனால் உங்கள் ஒரு களத்துத் தொட்டி அந்த டிரம்முக்குக் காலைப் பலகாரம். சுற்றுவட்டாரக் களங்கள் நாலைந்து சேர வேண்டியிருக்கும். கரியைக் குழியில் சுடாமல் மூடிய உலையில் சுடுவதாக இருந்தால் மட்டும் பேசுங்கள். உங்கள் களத்துக்குத் தாழ்வான பக்கம் யார் கிணறு இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதிச் சாம்பிளை எங்கள் வீட்டு மீன் தொட்டி ஃபில்டரில் போட்டுவிட்டேன், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஏஜெண்டிடம் முன்பணம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டேன் அண்ணா. அதற்கு மட்டும் பதில் வரவில்லை.